ரிஜெக்ட் போட்ட ஜெர்மன் வார்த்தைகள்

அன்றைக்கு முதலாளி அறைக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். முதலாளி, ஆபீஸ் மேனேஜர், வார்ப்பட மேஸ்திரி, டீ கொண்டு வந்த மலையாளத்துக்காரர், நான். டைப்பிஸ்டும் இருந்தார் என்று பிற்பாடு பட்டறையில் பேசிக்கொண்டார்கள். பொய். கதவோரம் இருந்தது அவருடைய குடை. நான் நூறு தடவையாவது எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு யாராவது சாட்சி கேட்டால் யாரைக் கை காட்டுவது என்ற கவலை எனக்கு. முதலாளியும் மேனேஜரும் வாய் திறக்க மாட்டார்கள். மேஸ்திரிக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது. மலையாளத்துக்காரர் அடுத்த மாதமே பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டார். மிச்சம் நான் ஒருத்தன். அதனால் எழுதி வைக்கிறேன்.

பீளமேட்டில் மோட்டாரும் பம்பும் செய்கிற பட்டறை அது. நயாபைசா வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தும் எங்கள் வாயில் அணாதான் புழங்கிக்கொண்டிருந்த காலம். முதலாளி ஜெர்மனியிலிருந்து, இரும்பில் துளை குடைகிற ஒரு போரிங் மிஷின் வாங்கினார். கொச்சித் துறைமுகத்திலிருந்து மூன்று லாரியில் பெட்டி பெட்டியாக வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு ஜெர்மன்காரர் கூடவே வந்து மூன்று மாதம் தங்கினார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. அவருக்கு உதவியாளாக என்னைப் போட்டார்கள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன், எதிர்த்துப் பேச மாட்டேன், கனத்தைத் தூக்குவேன். அவ்வளவுதான் காரணம்.

முதல் நாளே என் உயிர் போய் வந்தது. மிஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனருக்குக் கையை நீட்டினார். பத்தாம் நம்பரைக் கொடுத்தேன். "நைன்!" என்றார். சரி, ஒன்பது கேட்கிறார் என்று ஒன்பதைக் கொடுத்தேன். "நைன், நைன்!" என்று தலையை ஆட்டினார். கையில் இருப்பது ஒன்பதுதானா என்று துடைத்துப் பார்த்துவிட்டு அதையே மறுபடியும் கொடுத்தேன். அவர் வெளியே ஊர்ந்து வந்து, பன்னிரண்டாம் நம்பரைத் தானே எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நைன் என்றால் அவர்களுக்கு 'இல்லை'. அன்று நான் சோறு தின்னவில்லை. நாளைக்கு இவர் 'நிறுத்து' என்று சொல்வது எனக்கு 'ஓட்டு' என்று கேட்டால் யாருடைய விரல் போகும்?

அந்தப் பயத்தில்தான் நோட்டு போட்டேன். அவர் வாயில் எது வந்தாலும் தமிழ் எழுத்தில் எழுதி, தொட்டுக் காட்டிக் கேட்டு, பக்கத்தில் அர்த்தம் எழுதினேன். பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். இரண்டு குழந்தைகள், 'கிண்டர்' என்றார். ஒன்று என்றால் 'கிண்ட்'. பின்னால் நின்ற கிழவி அவருடைய தாயார், 'முட்டர்'. மறுநாள் காலையில் ஒரு நட்டைத் தொட்டுக் காட்டி அதையும் 'முட்டர்' என்றார். பாவம், அம்மா ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால் அவர்கள் ஊரில் போல்ட்டைத் தனக்குள் வாங்கிக்கொள்கிற நட்டுக்கும் பெயர் தாய்தான். எங்கள் பட்டறையிலும் பெண் மரை, ஆண் மரை என்றுதானே சொல்கிறோம்? அதனால் எனக்கு அது அதிசயமாகப் படவில்லை.

எழுத எழுத ஒன்று பிடிபட்டது. இங்கிலீஷில் 'ட' வருகிற இடத்தில் இவர் வாயில் 'ஸ' வருகிறது. வாட்டர் இவருக்கு வாஸர். ஃபுட் என்றால் ஃபூஸ். டென் என்றால் ட்ஸேன். ஸால்ட் என்றால் ஸால்ட்ஸ். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அன்னூர்ப் பக்கம். சந்தைக்கு மாடு ஓட்டி வருகிற கன்னடக்காரர்கள் எங்கள் பாலை ஹாலு என்பார்கள், பல்லை ஹல்லு என்பார்கள், பத்தை ஹத்து என்பார்கள். 'ப'வை எடுத்துவிட்டு 'ஹ'வைப் போட்டால் பாதிக் கன்னடம் வந்துவிடும் என்று எங்கள் அப்பா சொல்லியே மாட்டு விலை பேசுவார். அதே கணக்குத்தான் இங்கேயும். இங்கிலீஷும் ஜெர்மனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் என்று இல்லை என்பதும் தெரிந்தது.

ஜெர்மன்காரர் கப்பலேறிப் போனார். மிஷினுக்கான புத்தகம் மட்டும் தடிமனாகக் கிடந்தது, முழுக்க ஜெர்மன். முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏப்பா, நீ ஏதோ நோட்டு எழுதி வெச்சிருக்கியாமே? சுத்தமா எழுதிக் குடு. வார்த்தைக்கு ஒரு அணா. சும்மா வாங்க மாட்டேன்."

அவர் அப்படித்தான். பட்டறையில் முக்கால்வாசி வேலை பீஸ் ரேட், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வார்த்தைக்கும் பீஸ் ரேட் போட்டுவிட்டார். நான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன். நோட்டில் அறுநூற்று நாற்பது வார்த்தை. அறுநூற்று நாற்பது அணா என்றால் நாற்பது ரூபாய், சுத்தமாக. எங்கள் வீதியில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தன் பழைய சைக்கிளுக்குச் சொல்லியிருந்த விலையும் நாற்பது. "பொங்கல் வரைக்கும் உனக்குன்னு வெச்சிருப்பேன் கண்ணு, அதுக்கு மேல முடியாது" என்றிருந்தார். ஒண்டிப்புதூரிலிருந்து பீளமேட்டுக்கு நடந்துதான் போய்க்கொண்டிருந்தேன். கேட்டில் ஆறரைக்கு மணி அடிப்பார்கள். ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போயிற்று. அந்தப் பயத்தில் நாலரைக்கெல்லாம் கிளம்பிப் போய், பூட்டின கேட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு சைக்கிள் இருந்தால் மனுஷனைப் போல ஐந்தரைக்குக் கிளம்பலாம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று தடவை சரி பார்த்தேன். தப்பாகிவிடுமோ என்று நடுவில் எழுந்து போய் மிஷினில் பொறித்திருந்த எழுத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு வந்த நாளும் உண்டு.

கொண்டு போய்க் கொடுத்த நாள்தான் நான் முதலில் சொன்ன நாள்.

முதலாளி நோட்டைப் புரட்டிவிட்டு, "அறுநூத்தி நாப்பதா? நாப்பது ரூவா. குடுத்துப்போடுங்க மேனேஜரே" என்றார். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

மேனேஜர் பி.ஏ. படித்தவர். "ஒரு நிமிசமுங்க. பாத்துப்போட்டுக் குடுக்கலாமுங்க" என்று சிவப்புப் பென்சிலை எடுத்தார். "ஹாண்ட், கை. ஃபிங்கர், விரல். ரிங், மோதிரம். வார்ம், சூடு. ஏனுங்க, இது இங்கிலீஷ்தானுங்களே! இதுக்கெல்லாம் அணாங்களா? நமக்குத் தெரிஞ்சதையே நமக்கு விக்கறானுங்க இவன்."

முதலாளி யோசித்தார். வேறு வேலையாக வந்து நின்றிருந்த வார்ப்பட மேஸ்திரியைப் பார்த்தார். "ஏனுங்க மேஸ்திரி, வார்ப்படத்துக்கு ஒரு வழக்கம் வெச்சிருக்கறமல்ல? அதையே இதுக்கும் வெச்சுக்கலாம். நல்லதை எண்ணுங்க, பொள்ளலைத் தள்ளுங்க."

அந்த வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வார்ப்புக்காரன் அச்சில் இரும்பை ஊற்றி எடுத்த உருப்படியை மேஸ்திரி சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். ஓசை சரியில்லை, உள்ளே காற்று நின்று பொள்ளல் விழுந்திருக்கிறது என்றால் ரிஜெக்ட். அதற்குக் கூலி இல்லை. அவன் கண் முன்னாலேயே உடைத்துப் போடுவார்கள், மறுநாள் புதுசு என்று எண்ணிக் காட்டிவிடக் கூடாதே. உடைத்த இரும்பு திரும்பவும் உலைக்குப் போகும். முதலாளிக்கு ஒரு கடுகளவும் நஷ்டமில்லை. போனது அவனுடைய ஒரு நாள் கூலி மட்டும். அந்த வழக்கத்தைத்தான் வார்த்தைக்குக் கொண்டு வந்தார்கள். உலகத்தில் வேறெங்காவது ஒரு பாஷையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் கூலி கொடுத்திருப்பார்களா, எனக்குத் தெரியாது.

முதல் ரிஜெக்ட், இங்கிலீஷ் போலவே இருப்பவை. இரண்டாவது அதைவிட அநியாயம்.

"இதைப் பாருங்க. கிண்ட். இங்கிலீஷ்ல கைண்டுன்னா அன்பு, தயவு. இவன் குழந்தைன்னு எழுதியிருக்கான். டீர்ன்னா மானுங்க. இவன் பொதுவா மிருகம்ங்கறான். முட்டர்ன்னா முணுமுணுக்கறது. இவன் ஒரு பக்கத்துல அம்மாங்கறான், இன்னொரு பக்கத்துல நட்டுங்கறான்!"

முதலாளி குலுங்கிச் சிரித்தார். "பெத்தவளப் போயி நட்டுன்னு சொல்லுவாங்களாப்பா?"

"அவரு அப்படித்தானுங்க சொன்னாரு" என்றேன்.

"எவரு? கூப்புடு, கேட்டுக்கலாம்" என்றார் மேனேஜர். கடல் தாண்டிப் போன ஆளை எப்படிக் கூப்பிடுவது? ஒத்திருந்தால் காசில்லை, ஒத்துப்போகாவிட்டால் தப்பு. இதில் நான் எந்தப் பக்கம் நிற்பது?

அப்போதுதான் டீக் கிளாசை மேஜையில் வைத்த மலையாளத்துக்காரர் எனக்காக வாயைத் திறந்தார். நல்ல மனுஷர். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"சாரே, எங்க நாட்டுல வெள்ளம்னா குடிக்கிறது. இங்க வெள்ளம்னா ஊரையே அடிச்சுக் கொண்டு போகிறது. அப்ப எங்க வெள்ளம் தப்போ?"

"உன்னை யாரு கேட்டது? கிளாசை வெச்சுப்போட்டுப் போ" என்றார் மேனேஜர்.

"போறேன் சாரே. சாரோட ஊர்ப்பேரு பட்டியிலதானே முடியுது? எங்க ஊர்ல பட்டின்னா எந்தான்னு ஞான் சொல்லணோ?"

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களில் அது தெரியாதவர் யார்? முதலாளிக்கு டீ புரையேறிவிட்டது. மேஸ்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. மேனேஜரின் காது மடல் சிவந்தது. மலையாளத்துக்காரர் தூக்குப் போணியோடு வெளியே போய்விட்டார், நான் மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் பென்சில் நிற்கவில்லை. கிழி, கிழி, கிழி. அடித்த ஒவ்வொரு கோடும் நாயென்று தன்னைச் சொன்னவருக்கு அவர் கொடுத்த அடி. பட்டது என் நோட்டு.

கினெஹ்ட் என்ற வார்த்தை வந்தது. பண்ணையாள் என்று எழுதியிருந்தேன். அதை எழுதின நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ரோட்டில் பாரவண்டி ஓட்டிப் போனவனைக் காட்டி ஜெர்மன்காரர் அந்த வார்த்தையைச் சொன்னார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "மை ஃபாதர், கினெஹ்ட்" என்றார். அவருடைய தகப்பனாரும் யாரோ ஒருவரின் காட்டில் மாடு ஓட்டினவர். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"இது முன்னால 'கே' போட்டு எழுதற நைட்டுங்க" என்றார் மேனேஜர். "குதிரை மேல போற பெரிய வீரன். இங்கிலாந்து ராணி கையால குடுக்கற பட்டம். அதைப் போயிப் பண்ணையாளுங்கறான் பாருங்க!"

"அவரோட அப்பாருங்க..." என்று ஆரம்பித்தேன்.

"அவங்கப்பனை நீ பாத்தியா?"

இல்லைங்க என்றேன். கோடு விழுந்தது.

முடிவில் எண்ணினார்கள். இங்கிலீஷ் போல இருக்கிறது என்று தள்ளியது இருநூற்றுப் பன்னிரண்டு. தப்பு என்று தள்ளியது எழுபத்தாறு. நின்றது முந்நூற்று ஐம்பத்திரண்டு. அதற்கு இருபத்திரண்டு ரூபாய் வர வேண்டும். மேனேஜர் அணாவுக்கு ஆறு நயாபைசா என்று பெருக்கினார். அணாவுக்கு ஆறேகால் என்பது சந்தைக்கடைக்காரிக்குக்கூடத் தெரியும். அந்தக் கால் பைசாவை எங்கே கொடுப்பது என்று கேட்டு, இருபத்தொரு ரூபாய் பன்னிரண்டு நயாபைசாவை என் கையில் வைத்தார். நோட்டைத் திருப்பித் தரவில்லை. உடைத்த வார்ப்படத்தை எவன் வீட்டுக்கு எடுத்துப்போகிறான்?

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் அந்த 'சரிங்க'வுக்காக என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சொல்வதற்கு எத்தனை இருந்தது! முதலாளி வீட்டில் தெலுங்கு. அவர்கள் 'இல்லு' என்றால் வீடு. எங்கள் ஊர்க்காரன் காதில் அது 'இல்லை' மாதிரி விழும். அதற்காக முதலாளிக்கு வீடே இல்லை என்று எழுதிவிடலாமா? இது எனக்கு வந்து தோன்றியது சிங்காநல்லூர் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது. யாரிடம் சொல்வது? குளத்துக் கொக்கிடம் சொன்னேன்.

ஆற்றாமை அடங்கவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை டவுன் நூலகத்துக்கு நடந்தேன். அங்கே தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று உண்டு. ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே அது எங்கிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாதி புரியவில்லை, புரிந்த பாதியே போதுமாயிருந்தது.

அன்பு என்கிற கைண்டும் குழந்தை என்கிற கிண்ட்டும் ஒரே வேரில் வந்தவை. அந்த வேருக்குப் பிறப்பு என்று அர்த்தம். தன் பிறப்பில் வந்தவர்களிடம் நடந்துகொள்கிற விதம்தான் பிறகு தயவு ஆயிற்றாம். டீர் என்பது இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் எல்லா மிருகத்துக்கும் பொது. வேட்டைக்காரர்கள் மானையே துரத்தித் துரத்தி, பெயர் மானோடு நின்றுபோயிற்று. இதைப் படித்தபோது நூலகத்திலேயே சத்தமாக "அட!" என்றுவிட்டேன். நான் பிறந்தது மிருகசீரிஷம். மிருகசீரிஷம் என்றால் மான் தலை என்று எந்த ஜோசியரும் சொல்வார். அந்த வார்த்தையில் மிருகம்தான் மான். நமக்கும் அதே கதை, திருப்பிப் போட்டது போல. ஜெர்மனில் ஷ்டெர்பென் என்றால் சாவது. அதே வேரில் வந்த ஸ்டார்வ் இங்கிலீஷில் பட்டினி கிடப்பது. முன்னாளில் அதற்கும் சாவு என்றுதான் அர்த்தமாம், எந்தச் சாவாக இருந்தாலும். பின்னால் பட்டினிச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிக்கொண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

கினெஹ்ட்டையும் தேடினேன். நைட்டும் அதுவும் ஒன்றேதான். இரண்டுமே ஆதியில் ஏவல் வேலைக்கு நிற்கிற பையன். இங்கிலாந்தில் ராஜாவுக்கு ஏவல் செய்ததால் குதிரை ஏறிப் பட்டம் வாங்கிக்கொண்டது. ஜெர்மனியில் மாட்டுக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இங்கிலீஷ்காரர்கள் முன்னால் இருக்கிற 'க்'கை விழுங்கிவிட்டார்கள், ஆனாலும் எழுத்தில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்திலும் பண்ணை என்கிற ஒரே சொல்தான் ஒருவரைப் பண்ணாடி ஆக்கித் திண்டில் சாய்த்து வைக்கிறது, இன்னொருவனைப் பண்ணையாள் ஆக்கிச் சாணி அள்ள வைக்கிறது. பி.ஏ. படித்தவருக்கு இது தெரியாமல் போகலாம். தெரியாததைத் தப்பு என்று கோடு போட என்ன உரிமை?

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கப் போனேன். போகிற வழியில் போரிங் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்ட சட்டம் ஒன்று புதிதாக மாட்டியிருந்தது. ஜெர்மன் வார்த்தைகள், பக்கத்தில் அர்த்தம், பொடி எழுத்தில் டைப் அடித்து, நெருக்கமாக. கீழே மேனேஜர் கையெழுத்து. சாப்பாட்டு மணி அடித்ததும் எண்ணினேன். என் எண்ணிக்கையில் எனக்கே நம்பிக்கை இல்லாததால் மறுநாளும் எண்ணினேன், அதற்கு மறுநாளும். அறுநூற்று நாற்பது. ஹாண்ட் இருந்தது. கிண்ட் குழந்தையாகவே இருந்தது. முட்டர், நட். கினெஹ்ட், பண்ணையாள். கோடு போட்ட ஒன்றையும் விடவில்லை, நான் எழுதின அர்த்தத்தில் ஒரு எழுத்தை மாற்றவுமில்லை. உதிரிப் பாகம் கேட்டு ஜெர்மனிக்கு எழுதியதற்கு வந்த பட்டியலில் நட்டுக்கு நேராகவெல்லாம் முட்டர் என்று போட்டிருந்ததாக மேஸ்திரி என் காதோடு சொன்னார்.

மேனேஜரிடம் போனேன். தாளை எடுக்கவில்லை. சுவரே சாட்சியாக இருக்கும்போது தாள் எதற்கு?

"ஏனுங்க, தள்ளினதெல்லாம் சுவத்துல இருக்குதுங்க."

"இருந்தா?"

"அப்ப அது சரிதானுங்களே. மிச்சக் காசு..."

அவர் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. "ரிஜெக்ட் ஆனதை உடைச்சு உலையில போட்டு உருக்கி, மறுக்கா ஊத்தினா அது யாரு இரும்பு?"

"கம்பெனி இரும்புங்க."

"அப்பறமென்ன? போயி வேலையப் பாரு."

அவர் மேஜைக்குப் பின்னால் முதலாளி அறைக் கதவு திறந்துதான் இருந்தது. முதலாளி உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேச்சு காதில் விழாத தூரம் இல்லை. பேப்பரைத் திருப்பினார், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முந்தின நாள் தபால்காரரிடம் இருபத்தொரு ரூபாயைக் காட்டிக் கேட்டுப் பார்த்தேன். மிச்சத்துக்குத் தவணை சொன்னேன். "உம்மேல நம்பிக்கை இல்லாம இல்ல கண்ணு, எனக்கும் முடை" என்றார். இருகூர்க்காரர் ஒருவர் முழுசாகக் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அந்தப் பட்டறைக்கு நடந்தேன். நாலரைக்குக் கிளம்பியும் மழையிலும் காய்ச்சலிலும் பிந்தி, அறுபத்து மூன்று தடவை கேட்டில் அரை நாள் போயிற்று. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது என் கால் செய்த தாமதம் என்று வாதாடுவார்கள். வார்த்தைக் கணக்கை மட்டும் கேட்கிறேன். அறுநூற்று நாற்பது வார்த்தை, பேசினபடி நாற்பது ரூபாய். தந்தது இருபத்தொரு ரூபாய் பன்னிரண்டு நயாபைசா. இன்றைய தேதி வரைக்கும் எனக்கு வர வேண்டியது பதினெட்டு ரூபாய் எண்பத்தெட்டு நயாபைசா.